மதுரைப் பக்கம் குறைந்த செலவில் ஏரோபாட்டிக் விமானம்: எந்த மாடல், எந்த இன்ஜின்?

2025 மார்ச் 9, வாசகர் கேள்வி

அண்ணே, எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். ரேடியோவில் ஓட்டும் மாடல் விமானங்களில், பழகுவதற்கான ட்ரெயினர் விமானம் ஓட்டிப் பழகிவிட்டேன், இறக்கவும் வருகிறது. இனி லூப், ரோல், தலைகீழ்ப் பறத்தல் செய்கிற விமானம் வேண்டும். 40 சைஸ் (0.40 கன அங்குல இன்ஜின் வகைக்கான அளவு) எக்ஸ்ட்ரா 300 என்ற ஏரோபாட்டிக் விமானத்தின் மாடல் ஒன்றும், மெத்தனாலில் ஓடும் பழைய 46 கிளோ இன்ஜின் ஒன்றும் கைக்கு வருகின்றன, விலையும் கம்மிதான். வாங்கலாமா? மொத்தம் இருபதாயிரத்துக்குள் முடிக்கணும்.

மார்ச் 9, இரவு

தம்பி, இன்ஜினுக்கு முன்னால் அதன் எரிபொருள், மெத்தனால். அதை எங்கே வாங்குவீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கிளோ இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. பிளக்கில் இருக்கும் பிளாட்டினம் கம்பிச்சுருளை ஒன்றரை வோல்ட் பேட்டரியால் சூடாக்கி இன்ஜினைக் கிளப்புகிறோம். பேட்டரியைக் கழற்றிய பிறகும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படுவதாலேயே அந்தச் சுருள் சிவந்து நிற்கிறது, அதனால்தான் இன்ஜின் தொடர்ந்து ஓடுகிறது. பெட்ரோல் ஊற்றி இதை ஓட்ட முடியாது. மெத்தனாலில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், கிடைத்தால் கொஞ்சம் நைட்ரோமீத்தேன், இதுதான் அதன் தீனி.

தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயச் சாவுகள்: 2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். இந்த இரண்டுக்கும் பிறகு, முகம் தெரியாத பையன் கேனோடு போய் நின்றால் எந்தக் கெமிக்கல் கடைக்காரரும் தர மாட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலருக்குக் கண் போனது. அந்தச் சரக்கு வீட்டுப் பரணில் ஒரு பாட்டிலில் இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

உரிமம் உள்ள கிளப்போ கல்லூரியோ எரிபொருளைக் கலந்து தரும் என்றால் பேச்சு வேறு. அப்படி ஒரு வழி இல்லாவிட்டால், இன்ஜின் சும்மா கிடைத்தால்கூட வேண்டாம்.

மார்ச் 10

விமானத்தைப் பற்றி நேற்று எழுதவில்லை.

எக்ஸ்ட்ரா 300 பார்க்க லட்சணமான விமானம். ஆனால் 40 சைஸில், விலை குறைவாக, இன்னொருவர் கட்டி இரண்டு முறை ஒட்டுப்போட்டு வருவது பெரும்பாலும் கனமாக இருக்கும். அதன் இறக்கை நுனி நோக்கிக் குறுகிப் போகிறது. வேகம் குறைந்ததும் நுனிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும், ஒரு பக்கம் சட்டென்று குத்திவிடும். இது நடப்பது இறங்கும்போது, பத்தடி உயரத்தில், மீள இடமில்லாத நேரத்தில். ட்ரெயினரிலிருந்து நேராக இதற்குத் தாவியவர்களின் விமானங்கள் பல, முதல் மாதத்திலேயே மூட்டையாக வீடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

அதே சைஸில் என் தேர்வு 'ஸ்டிக்' வகை. 1960களில் அமெரிக்காவில் ஃபில் கிராஃப்ட் வரைந்த அக்லி ஸ்டிக்கின் வழிவந்தவை. பெட்டி மாதிரி உடம்பு, பலகை மாதிரி ஒரே அகல இறக்கை, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இறக்கையின் குறுக்குவெட்டு மேலும் கீழும் சமம், அதனால் தலைகீழாகவும் நேராகவும் ஒரே மாதிரி பறக்கும். நுனி குறுகாததால் மெதுவாக வந்தாலும் சட்டென்று குத்தாது. உடைந்தாலும் இறக்கைக்கு இரண்டு விலாத் துண்டும் ஒரு பால்சாப் பலகையும் (எடை குறைந்த மரம்) போதும், ஒரு ராத்திரியில் சரியாகும்.

வாங்கப்போகும் விமானம் எதுவானாலும் தராசில் வைத்துப் பாருங்கள். 40 சைஸ் ஸ்டிக்குக்கு இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 42 சதுர டெசிமீட்டர், எடை இரண்டரை கிலோவுக்குள் இருந்தால் நல்லது. அதாவது சதுர டெசிமீட்டருக்கு 60 கிராமுக்குள். விற்பவர் எடை சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

மார்ச் 12

"அப்ப நான் என்னதான் வாங்க?" என்று தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

டிரான்ஸ்மிட்டரும் சார்ஜரும் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு மீட்டர் இறக்கை, ஈபிபி ஃபோம் (அடிபட்டால் சட்டென்று உடையாமல் வளையும் நுரைப்பலகை), மின்மோட்டார். இதுதான் என் பதில். உடம்பு, இறக்கை எல்லாமே தட்டையான ஷீட்டில் வெட்டியது, நடுவே கார்பன் குச்சி. இறக்கை தட்டை என்பதால் தலைகீழாகவும் ஒரே குணம். டைஹெட்ரல், அதாவது இறக்கை மேல்நோக்கி வளைந்த அமைப்பு, துளியும் இருக்கக் கூடாது. ட்ரெயினர் தானே நிமிர்வது அந்த வளைவால்தான், ஏரோபாட்டிக்கில் அதுவே எதிரி.

2212 மோட்டார், 1000 கேவி. கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 10x4.5 அங்குலப் புரொப்பெல்லர், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 3 செல் 1300 மில்லி ஆம்பியர்-மணி லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி). இந்தச் சேர்க்கை 15 ஆம்பியர் சுற்றி இழுக்கும், 160 வாட் பக்கம் வரும். விமானம் எல்லாம் சேர்த்து 550 கிராமுக்குள் நின்றால் கிலோவுக்கு 290 வாட். ட்ரெயினருக்கு 200 போதும், ஏரோபாட்டிக்குக்கு 300 பக்கம் வேண்டும், மூக்கை மேலே வைத்துத் தொங்குகிற 3டி விளையாட்டுக்கு 400க்கு மேல். உங்களுக்கு இப்போதைக்கு நடுவில் உள்ளது போதும்.

இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்பது கிராம் நீல சர்வோவின் பிளாஸ்டிக் பல், தரையில் ஒருமுறை இறக்கை உரசினாலே போய்விடும். எய்லரானுக்காவது (விமானத்தை உருட்டும் இறக்கை மடல்) உலோகப் பல் வையுங்கள்.

மொத்தச் செலவு ஐந்தாயிரம் சுற்றி. மீதிப் பதினைந்தாயிரத்தைத் தொடாதீர்கள், ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 12, கொஞ்ச நேரம் கழித்து

பசை பற்றி ஒருவர் கேட்டார். சாதாரண சூப்பர் க்ளூ தெர்மோகோலையும் டெப்ரான் என்ற மெல்லிய நுரைப்பலகையையும் கரைத்துவிடும், ஈபிபியைக் கரைக்காது. ஹாட் க்ளூ எல்லாவற்றுக்கும் ஆகும், ஆனால் கனம் ஏறும். வாலில் ஹாட் க்ளூவை அள்ளிப் பூசினால் அதைச் சமன்செய்ய மூக்கில் ஈயம் வைக்க வேண்டிவரும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று காலை கண்மாயில் பறக்கவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். இடம் பற்றிச் சொல்லாமல் விமானம் பற்றி மட்டும் சொல்வது பாதி வேலைதான்.

நம் பக்கம் வறண்ட கண்மாய்தான் ஓடுதளம். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி, நடுவில் தரை பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் சின்னச் சக்கரம் சிக்கினால் விமானம் மூக்குக் குப்புற விழும், புரொப்பெல்லர் போகும். அதனால்தான் ஒரு மீட்டர் ஃபோம் விமானத்துக்குச் சக்கரமே வேண்டாம் என்கிறேன். கையால் எறிந்து ஏற்றுங்கள், வயிற்றில் இறக்குங்கள். 40 சைஸ் விமானத்துக்குப் பெரிய சக்கரமும் சுத்தமான தரையும் வேண்டும், அது பெரும்பாலும் பள்ளி மைதானமாகத்தான் இருக்கும், அங்கே பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டரை கிலோ எடை, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம், முன்னால் சுழலும் கத்தி. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது.

கண்மாயின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். உள்ளே விழுந்தால் விமானத்தைவிட எடுக்கப்போகிற ஆளுக்குத்தான் சேதம், முழுக்கைச் சட்டையும் செருப்புக்குப் பதில் ஷூவும் போட்டுப் போங்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மந்தை மிரண்டால் அவர்களுக்கு அன்றைய நாளே போச்சு.

சட்டம்: 2021 ட்ரோன் விதிகள் 25 கிலோவுக்கு உட்பட்ட பொழுதுபோக்கு மாடல் விமானங்களையும் சேர்த்துத்தான் பேசுகின்றன, கண் பார்வைக்குள் ஓட்ட வேண்டும். மதுரை விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள். அவனியாபுரம், வில்லாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் அதில் வருகின்றன. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம். அதற்கு வெளியே, வரைபடத்தில் பச்சையாக இருந்தால் 400 அடி. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உசிலம்பட்டி தூரம்தான், ஆனாலும் பாருங்கள்.

மார்ச் 30

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: கிளோ இன்ஜினின் சத்தமும் விளக்கெண்ணெய் புகை வாசனையும் இல்லாமல் இது என்ன பொழுதுபோக்கு, மோட்டார் வைத்தால் மிக்சி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று.

அந்த வாசனை எனக்கும் பிடிக்கும். அவருடைய ஊரில் கிளப் இருக்கிறது, எரிபொருள் முறையாக வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்காக, பழைய 46 இன்ஜின் வாங்கும்போது நான் பார்ப்பதை எழுதிவைக்கிறேன்.

46 என்றால் 0.46 கன அங்குலம், நம் கணக்கில் ஏழரை சிசி. இதில் இரண்டு சாதி. ஷாஃப்டைத் தாங்கப் புஷ் வைத்தது விலை குறைவு, ட்ரெயினருக்குப் போதும். பால் பேரிங் வைத்தது சக்தி கூட, ஏரோபாட்டிக்குக்கு அதுதான். ஓஎஸ் நிறுவனத்தின் வரிசையில் எல்ஏ என்பது முதல் சாதி, ஏஎக்ஸ் இரண்டாவது. பெயரை மட்டும் கேட்டு "ஓஎஸ் 46" என்று வாங்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்குப் போகும் இடத்தில் இறுகிப் பிடிக்க வேண்டும். இந்த இன்ஜின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது, சிலிண்டர் மேலே போகப் போகக் குறுகுவதுதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. இறுக்கமே இல்லாமல் வழவழவென்று சுற்றினால் தேய்ந்துபோன இன்ஜின். அப்புறம் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் எண்ணெய் விடாமல் அலமாரியில் வைத்த இன்ஜினின் பேரிங் துருப்பிடித்துக் கரகரவென்று சத்தம் போடும். பேரிங் மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

நைட்ரோ கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு விளக்கெண்ணெய், இந்தக் கலவையில் உலகப் போட்டிகளே நடந்திருக்கின்றன. ஐடிலிங், அதாவது மெதுவாக ஓடுவது, மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதற்குச் சூடான பிளக் போடலாம். ஆனால் கோயில் விளக்குக்கு என்று விற்கிற எண்ணெய் கூடாது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிசின் நீக்கிய சுத்தமான எண்ணெய் வேண்டும்.

எரிபொருள் ஊசியைக் கொஞ்சம் ரிச்சாகவே, அதாவது எரிபொருள் கூடுதலாக வரும்படி, வையுங்கள். சித்திரை வெயிலில் எரிபொருளைக் குறைத்து லீனாக ஓட்டினால் இன்ஜின் மேலே போய் நின்றுவிடும், அப்புறம் இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான்.

ஏப்ரல் 6

"அப்ப பெட்ரோல் இன்ஜின்? பங்க் தெருவுக்குத் தெரு இருக்கே."

யோசனை சரி. ஸ்பார்க் பிளக் வைத்த சின்னப் பெட்ரோல் இன்ஜின்கள் இப்போது கிடைக்கின்றன, டிஎல்இ 20 போல. டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்த பெட்ரோல், முப்பதுக்கு ஒன்று. ஓட்டும் செலவு கிளோவைவிடக் குறைவு. ஆனால் இன்ஜின், இக்னிஷன் பெட்டி, அதற்குத் தனி பேட்டரி எல்லாம் சேர்ந்து கனம். அதைத் தூக்க ஒன்றரை மீட்டருக்கு மேல் இறக்கை, அதற்கு வலுவான சர்வோ. மொத்தச் செலவு தம்பியின் இருபதாயிரத்தைத் தாண்டி எங்கோ போய்விடும்.

இன்னொன்று: இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், இருபது சதவீதம் வரை. டேங்கில் அப்படியே விட்டு இரண்டு வாரம் கழித்து வந்தால் கார்புரேட்டர் டயாஃப்ராம் விறைத்துப்போகும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, கார்புரேட்டர் வறளும் வரை ஓட்டி நிறுத்துங்கள்.

ஏப்ரல் 20

லைப்போ பற்றி ஒரு எச்சரிக்கை, வெயில் ஏறிவிட்டது. பேட்டரியைப் பைக் சீட்டுக்கடியிலோ மூடிய காரிலோ வைக்காதீர்கள். உப்பின பேட்டரியைத் திரும்ப சார்ஜ் போடாதீர்கள். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது, மண் சட்டிக்குள் வைத்துப் போடுவது என் வழக்கம். கண்மாய்க்குப் போகும்போது பேட்டரி மட்டும் ஒரு சின்ன ஐஸ் பெட்டியில், ஐஸ் இல்லாமல்.

மே 4

தம்பி கட்டி முடித்துப் படம் அனுப்பினார். நேர்த்தியான வேலை, மாட்டுப் பொங்கல் கொம்பு மாதிரி நீலமும் சிவப்பும் அடித்திருக்கிறார். ஒரு விஷயம்: அடியும் மேலும் ஒரே நிறம். தூரத்தில் போனதும் நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று தெரியாது, பதற்றத்தில் எதிர்ப்பக்கம் இழுத்துவிடுவீர்கள். அடியில் கறுப்புப் பட்டை ஒட்டுங்கள், டேப் போதும்.

ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்கில் தொடங்கட்டும். பழகப் பழகப் பின்னால் தள்ளலாம், மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சோதிக்க: 45 பாகையில் மேலே ஏற்றி, கவிழ்த்து, டிரான்ஸ்மிட்டர் குச்சியை விட்டுவிடுங்கள். மூக்கு வேகமாகத் தரைப் பக்கம் வளைந்தால் முன்கனம். மெல்ல வளைந்தால் அப்படியே விடலாம். தரையை விட்டு மேலே போகப் பார்த்தால் பின்கனம், உடனே இறக்கிப் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள்.

ரேட், அதாவது குச்சிக்கு மடல் எவ்வளவு அசையும் என்பது, இரண்டு வையுங்கள். முதல் ஏற்றத்தில் குறைந்த ரேட், 30 சதவீத எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு). கம்ப்யூட்டரில் இலவச சிமுலேட்டர் போட்டு, டிரான்ஸ்மிட்டரை யுஎஸ்பி கேபிளில் கோத்து, தலைகீழாக எட்டு போடப் பழகுங்கள். தலைகீழில் மேலே போகக் குச்சியை முன்னால் தள்ள வேண்டும். இது தலையில் ஏறினால் போதாது, விரலில் ஏறணும்.

ஜூலை 20

ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து காலை ஒன்பது மணிக்கே அடிக்கிறது. மார்ச்சில் நான் எழுதியதற்கு இங்கே ஒரு மறுயோசனை: 550 கிராம் தட்டை விமானம் அமைதியான விடியற்காலைக்கு உரியது. இந்தக் காற்றில் பட்டம்தான். ஆடி முழுவதும் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை பறக்கவிட்டு வீட்டுக்குப் போங்கள், இல்லை கனமான விமானம் வேண்டும். ஸ்டிக் இந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். மீதிப் பதினைந்தாயிரத்தைத் தொடாதீர்கள் என்றது இதற்காகத்தான். முதல் விமானம் எது என்பதைவிட, அது விழுந்த பிறகும் தொடர்ந்து பறக்கக் கையில் காசு இருக்கிறதா என்பது முக்கியம்.

ஆகஸ்ட் 3

தம்பி விழுந்துவிட்டார். ஸ்டால் டர்ன் (நேர் மேலே ஏறி, நிற்கப் போகும் நேரத்தில் பக்கவாட்டில் திரும்பி இறங்குவது) போடும்போது ரட்டரை (பக்கவாட்டில் திருப்பும் வால் மடல்) தாமதமாகக் கொடுத்திருக்கிறார், விமானம் வாலைக் கீழே வைத்துச் சரிந்து, அவர் பதறி எலிவேட்டரை (மூக்கை மேலும் கீழும் ஆட்டும் வால் மடல்) இழுக்க, கருவேலத்துக்குள். மூக்கு நசுங்கியது, மோட்டார் ஷாஃப்ட் வளைந்தது, ஒரு சர்வோ. மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள். அடுத்த ஞாயிறு திரும்பப் பறந்திருக்கிறார், எனக்கு அதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம். அந்தப் பழைய எக்ஸ்ட்ராவாக இருந்திருந்தால் விமானம், ரிசீவர், இன்ஜினின் கார்புரேட்டர் எல்லாம் போயிருக்கும்.

ஸ்டால் டர்னில் ரட்டரை முழுதாக நிற்கும் முன்பே கொடுங்கள், இறக்கையில் இன்னும் கொஞ்சம் காற்று ஓடும்போதே. மோட்டாரைக் கால் பங்கில் விட்டுவையுங்கள், புரொப்பெல்லர் காற்று ரட்டரில் பட வேண்டும்.

செப்டம்பர் 14

அடுத்த விமானத்துக்குத் தயார் என்கிறார். இந்த முறை என் பதில் தயங்காமல்: பால்சா ஸ்டிக், பிளானைப் பார்த்து நீங்களே கட்டுவது, மின்மோட்டார். எடை 2.4 கிலோ என்றால் 720 வாட் வேண்டும், 4 செல் 5000 லைப்போவில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், 70 ஆம்பியர் ஈஎஸ்சி. ஐம்பது ஆம்பியர் மோட்டாருக்கு ஐம்பது ஆம்பியர் ஈஎஸ்சியே போடாதீர்கள், நம் வெயிலில் ஈஎஸ்சிக்கு மூச்சுவிட இடம் வேண்டும். மூக்கில் காற்று நுழையும் ஓட்டை எவ்வளவோ, பின்னால் வெளியேறும் ஓட்டை அதைப்போல இரண்டு பங்கு.

மோட்டார் மவுன்ட்டை 46 இன்ஜினும் உட்காரும் அகலத்தில் கட்டிவையுங்கள். எரிபொருள் முறையாகக் கிடைக்கும் ஊருக்கு வேலைக்குப் போனால், அதே விமானத்தில் இன்ஜினை மாட்டிக்கொள்ளலாம். ஃபயர்வாலில் (இன்ஜின் பொருத்தும் முன்பலகை) எப்பாக்ஸி இப்போதே பூசிவிடுங்கள், எண்ணெய் ஊறிய பிறகு பூசினால் பிடிக்காது.